ஆளாவது என்பது எது?

"பிள்ளை ஆளாகிவிட்டான்" என்று ஊரில் சொல்வது வழக்கம். மீசை அரும்பினால் சொல்வார்கள். முதல் சம்பளம் வாங்கினால் சொல்வார்கள். கல்யாணம் முடிந்தால் சொல்வார்கள். 18 வயது நிறைந்தவருக்குச் சட்டம் வாக்குரிமை தருகிறது. திருமணத்துக்குப் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்று வயது வரையறுக்கிறது. இவை எல்லாம் வெளிக்கணக்கு. வயது ஏறுவதற்கு எவரும் பாடுபட வேண்டியதில்லை. தூங்கினாலும் அது ஏறும். ஆளாவதற்கோ பாடுபட வேண்டும். ஐம்பது வயதிலும் பிள்ளைத்தனம் நீங்காதவர் உண்டு. பதினைந்து வயதில் ஒரு குடும்பத்தின் பாரத்தைத் தோளில் ஏற்றுக்கொண்ட பிள்ளையும் உண்டு.

அப்படியானால் ஆளாவது என்பது எது? அய்யா வைகுண்டரின் அவதார வரலாறும், பதிகளிலும் நிழல்தாங்கல்களிலும் அன்புக்கொடி மக்கள் நாள்தோறும் செய்துவரும் வழிபாட்டு முறையும் இதற்கு விடை வைத்திருக்கின்றன. அந்த விடையை ஆராய்வதே இந்தப் பாடம்.

பறிக்கப்பட்ட பெயர்

இன்று சுவாமிதோப்பு என்று வழங்கும் ஊரில், பொன்னுமாடன், வெயிலாள் தம்பதிக்கு 1809-ஆம் ஆண்டு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பெற்றோர் இட்ட பெயர் முடிசூடும் பெருமாள். அந்தப் பெயரை அன்றைய திருவிதாங்கூரின் மேல்சாதியாரால் பொறுக்க முடியவில்லை. தாழ்ந்தவர் என்று தள்ளிவைக்கப்பட்டவர் வீட்டுப் பிள்ளைக்கு முடி சூடும் பெயரா என்று எதிர்ப்பு எழுந்தது. ஆகவே பெயர் மாற்றப்பட்டது. முத்துக்குட்டி என்று ஆயிற்று.

"குட்டி" என்பது அன்பான சொல்தான். தாய் அழைத்தால் அது தேன். ஆனால் அதிகாரம் அழைத்தால் அதற்குப் பொருள் வேறு. நீ என்றைக்கும் சின்னவன், உன் தலைக்கு முடி கிடையாது, வளர்ந்தாலும் வளராதவனாகவே இரு என்பதே அந்தப் பெயர்மாற்றத்தின் உட்பொருள். ஒரு பச்சைக் குழந்தையின் தொட்டிலுக்குள் கையை விட்டு அதன் எதிர்காலத்தைக் குறுக்கிய செயல் அது.

அது ஒரு குழந்தைக்கு மட்டும் நேர்ந்தது அன்று. ஒரு பெரும் மக்கள் கூட்டத்துக்கே நேர்ந்தது. ஆண் தலைப்பாகை கட்டக்கூடாது. முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக்கூடாது. குடை பிடிக்கக்கூடாது, செருப்பு அணியக்கூடாது. பெண் மேலாடை அணியக்கூடாது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கக்கூடாது. தங்க நகை பூணக்கூடாது. கூலியில்லாத ஊழிய வேலைக்கு அழைத்தால் மறுபேச்சு பேசக்கூடாது. நரைத்த தலையுடைய பெரியவரை, மேல்சாதி வீட்டுச் சிறுவன் ஒருமையில் அழைப்பான். பெரியவர் கைகட்டி, வாய்பொத்தி, விலகி நின்று பதில் சொல்ல வேண்டும்.

இதில் ஒரு கொடிய முரண் உண்டு. தலைவரி வாங்கும்போது மட்டும் அரசு அவர்களை வளர்ந்தவர்களாகக் கணக்கிட்டது. 16 வயது நிறைந்த ஆண் தன் தலைக்கு வரி கட்ட வேண்டும். 60 வயது வரை கட்ட வேண்டும். அந்தத் தலைக்கு வரி உண்டு, பாகை இல்லை. சுமக்கும்போது அவர் முழு ஆள். மதிக்கும்போது அவர் அரை ஆள்கூட இல்லை.

தமிழில் "ஆள்" என்ற சொல்லுக்கு இரண்டு பக்கம் உண்டு. பண்ணையாள், கூலியாள் என்னும்போது அது பிறர் ஏவலுக்கு உட்பட்டவரைக் குறிக்கும். "ஆளுதல்" என்பதிலும் அதே "ஆள்" ஒலிக்கிறது. பிறர் ஆளும் ஆளாக இருந்தவரைத் தம்மைத் தாமே ஆளும் ஆளாக்கியதே அய்யா செய்த பெரும் காரியம்.

கடலிலிருந்து எழுந்தவரும் தாயும்

24-ஆம் வயதில், கடுமையான நோயோடு திருச்செந்தூருக்குத் தூக்கிச் செல்லப்பட்டு, கடலுக்குள் சென்று, கொல்லம் 1008 மாசி 20-ஆம் நாள் வைகுண்டராக வெளிப்பட்ட வரலாறு அன்புக்கொடி மக்கள் அனைவரும் அறிந்ததே. அது 1833-ஆம் ஆண்டு. கடற்கரையில் கண்ணீரோடு காத்திருந்த தாய், மகன் மீண்டான் என்று மகிழ்ந்து ஓடி வருகிறார். அப்போது அய்யா, அதுவரை அவருக்கு மகனாக இருந்தது உண்மை என்றும், இனித் தாம் நாராயணரின் பிள்ளை என்றும் தெரிவித்ததாக அகிலத்திரட்டு அம்மானை கூறுகிறது.

இந்த இடத்தைக் கேட்கும் தாய்மார் கண்கலங்குவதுண்டு. அதைக் கல்நெஞ்சம் என்று கொள்வது பிழை. தாயை வேண்டாம் என்று தள்ளிய பேச்சு அல்ல அது. ஒரு வீட்டுக்கு மட்டும் உரியவராக இருந்தவர் எல்லா வீட்டுக்கும் உரியவராகிவிட்டார் என்பதே அதன் பொருள். பிள்ளை தன்னைச் சுமக்க ஒருவரைத் தேடும். வளர்ந்தவரோ தாம் யாரைச் சுமக்க வேண்டும் என்று தேடுவார். அந்தக் கடற்கரையில் நிகழ்ந்தது இந்த மாற்றம்தான்.

ஆகவே "நான் வளர்ந்துவிட்டேன், என்னை எவரும் கேட்கக்கூடாது" என்று பெற்றோரிடம் முகம் திருப்பும் இளைஞர் இந்த இடத்தைத் தமக்குச் சான்றாகக் காட்ட முடியாது. தாய் முந்திரி ஆலையில் நாள் முழுதும் குந்தியிருந்து சம்பாதித்த காசில் மகன் தன் பைக்குக்குத் தவணை கட்டிக்கொண்டே, தனக்குச் சுதந்திரம் இல்லை என்று சண்டையிட்டால் அவன் இன்னும் தாயின் இடுப்பில்தான் இருக்கிறான். அவன் கால் இன்னும் தரையைத் தொடவில்லை.

ஆறு ஆண்டு என்னும் அளவு

அவதாரம் எடுத்து வந்தவர் உடனே ஆணையிடத் தொடங்கவில்லை என்பதும் சிந்திக்கத் தக்கது. கடலுக்குள் நாராயணர் அளித்த விஞ்சையின்படி அய்யா ஆறு ஆண்டு தவசு இருந்தார். முதல் இரண்டு ஆண்டு ஆறடிக் குழிக்குள் நின்ற தவசு. அடுத்த இரண்டு ஆண்டு தரையில் இருந்த தவசு. கடைசி இரண்டு ஆண்டு உயர்ந்த இடத்தில் அமர்ந்த தவசு. முதலாவது யுகத்துக்காக, இரண்டாவது சாதிக்காக, மூன்றாவது பெண்ணாட்களுக்கும் முன்னோருக்குமாக என்று அகிலம் வகுத்துச் சொல்கிறது.

குழி, தரை, மேடை. இந்த வரிசை மாறவில்லை. மேடையில் முதலில் ஏறிவிட்டுப் பிறகு குழிக்கு வரவில்லை. இறைவனே உடலெடுத்து வந்தும் ஆறு ஆண்டு தம்மை ஒடுக்கிய பிறகே பிறரை வழிநடத்தினார் என்றால், ஒரு பட்டமோ ஒரு பதவியோ ஒரு தாலியோ கிடைத்த மறுநாளே ஒருவர் ஆளாகிவிட முடியுமா? குழியில் நின்ற காலம் இல்லாதவருக்கு மேடை தாங்காது.

மூன்று தவசில் ஒன்றுகூட அய்யாவுக்காக இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். தனக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்வி நின்றுபோய், தன்னால் யாருக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்வி எழும் நாளே ஒருவர் ஆளான நாள்.

கண்ணாடியின் முன்

பதியிலும் தாங்கலிலும் பள்ளியறையில் கண்ணாடி இருக்கிறது. அதன் முன் விளக்குகள் எரிகின்றன. அங்கே சென்று நிற்பவர் தம் முகத்தையே காண்கிறார். இறைவன் உனக்குள்ளே இருக்கிறான் என்பதை உணர்த்தவே இந்த அமைப்பு என்று பெரியோர் விளக்குவர். அதோடு சேர்ந்த இன்னொரு பொருளும் அதற்குள் இருக்கிறது.

கண்ணாடியின் முன் நிற்பவருக்குப் பழிபோட வேறு ஆள் இல்லை. எதிரே தெரிவது அண்ணன் முகம் அல்ல, அயலான் முகம் அல்ல, மருமகள் முகம் அல்ல. என் வறுமைக்கு அவன் காரணம், என் தோல்விக்கு இவள் காரணம், எனக்குச் செய்வினை வைத்துவிட்டார்கள் என்று சொல்லும் வாய், அந்தக் கண்ணாடியில் தன் அசைவையே பார்க்கிறது.

குழந்தை கால் தடுக்கி விழுந்தால் பாட்டி ஓடிவந்து தரையை ஓங்கி அடிப்பார். "பாரு, தரையை அடிச்சாச்சு, அழாதே" என்பார். குழந்தை அழுகையை நிறுத்திவிடும். மூன்று வயதில் அது அழகு. நாற்பது வயதிலும் தடுக்கி விழும்போதெல்லாம் அடிப்பதற்கு ஒரு தரையைத் தேடுவது அழகல்ல. வியாபாரத்தில் நட்டம் வந்தால் மனைவி தரை; மேலதிகாரி திட்டினால் பிள்ளைகள் தரை; ஒன்றும் கிடைக்காவிட்டால் விதி தரை. கலியின் மாயை மனிதரைப் பிள்ளையாகவே வைத்திருக்கும் தந்திரம் இதுதான்.

அய்யா மந்திரவாதத்தையும், பேய்க்கு அஞ்சிச் செய்யும் பலியையும், தெய்வத்துக்குக் காணிக்கை கட்டும் பழக்கத்தையும் நீக்கச் சொன்னதன் காரணமும் இங்கே விளங்கும். "இதைத் தருகிறேன், அதைக் கொடு" என்பது மிட்டாய்க்கு அழும் பிள்ளையின் பேரம். அச்சத்தால் வணங்குவது அடிக்குப் பயந்த பிள்ளையின் பணிவு. அய்யா தம் மக்களைப் பேரத்திலிருந்தும் அச்சத்திலிருந்தும் விடுவித்து, நிமிர்ந்து நின்று வணங்க வைத்தார்.

நிமிர்ந்து என்பது வெறும் பேச்சுக்காகச் சொன்னதல்ல. ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டே கண்ணாடியின் முன் நிற்கிறார்கள். எந்தத் தலைக்குப் பாகை மறுக்கப்பட்டதோ அந்தத் தலையில், இறைவன் சன்னிதியிலேயே பாகை ஏறியது. தொட்டிலில் பறிக்கப்பட்ட முடியை அய்யா எல்லாருடைய தலைக்கும் திருப்பிக் கொடுத்தார். நெற்றியில் ஏறும் திருநாமத்துக்குச் சாதிக்கு ஓர் அளவு கிடையாது. முத்திரிக்கிணற்றில் எல்லாச் சாதியாரும் ஒரே நீரை இறைத்தனர். யாருடைய அனுமதியும் கேட்காமல் ஒருவர் ஆளாக நிற்கும் இடத்தை அய்யா இவ்வாறு உண்டாக்கினார்.

துவையல் கற்றுத்தந்தது

உரிமை கிடைத்தவுடன் அதைத் தாங்கும் வலிமையும் வேண்டும். அதற்காகவே துவையல் தவசு அமைந்தது. எழுநூறு குடும்பங்கள் வாகைப்பதியிலும் பின்பு முட்டப்பதியிலும் கூடின. நாளுக்கு மூன்று முறை குளியல், உடுத்த துணியைத் துவைத்தல், ஒருவேளை உணவு, ஓயாத வழிபாடு என்று அவர்கள் வாழ்ந்தார்கள். வெயிலும் பசியும் நோயும் அவர்களைச் சோதித்தன.

அந்தக் கடற்கரையில் அவர்களைக் கண்காணிக்கச் சாட்டையோடு எவரும் நிற்கவில்லை. நினைத்தால் ஊருக்குத் திரும்பியிருக்கலாம். பிறர் சாட்டைக்குப் பயந்து குனிந்த மக்கள், சாட்டையே இல்லாத இடத்தில் தமக்குத் தாமே ஒழுங்கு விதித்துக்கொண்டார்கள். அடிமையும் விடியற்காலையில் எழுவான். ஆளும் விடியற்காலையில் எழுவார். அடிமையை இன்னொருவர் எழுப்ப வேண்டும். ஆள் தாமே எழுவார்.

இன்றைக்கு வாகைப்பதியின் வெயிலில் நிற்க வேண்டிய தேவை பெரும்பாலோருக்கு இல்லை. ஆனால் கையிலிருக்கும் கைபேசியை இரவு பத்து மணிக்குக் கீழே வைப்பது, கேட்ட கடனைச் சொன்ன தேதியில் திருப்பித் தருவது, மதுக்கடை இருக்கும் தெருவைத் தாண்டி நேராக வீட்டுக்கு வருவது, உடுத்த துணியைத் தானே துவைத்துக்கொள்வது ஆகிய ஒவ்வொன்றும் ஒரு சிறு துவையலே. ஒரு வீட்டில் துணி துவைக்கும் வேலை எப்போதும் பெண்ணுக்கே என்று இருந்தால், துவையல் தவசின் முதல் பாடமே அந்த வீட்டுக்குள் நுழையவில்லை என்று பொருள்.

சிங்காரத்தோப்பின் பொறுமை

1838-ஆம் ஆண்டு சுவாதித் திருநாள் மன்னரின் ஆட்சியில் அய்யா கைது செய்யப்பட்டார். சூழ்ந்திருந்த மக்கள் கூட்டம் பெரிது, கொதிப்பும் பெரிது. அய்யா ஒரு சொல் சொல்லியிருந்தால் அங்கே இரத்தம் ஓடியிருக்கும். ஆனால் அவர் மக்களைப் பொறுத்திருக்கச் சொன்னார். திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்புச் சிறையில் பல சோதனைகளுக்கு ஆளானார். பசித்த புலியின் முன் நிறுத்தியும் புலி பணிந்ததாக அகிலம் கூறுகிறது. ஒரு சாதியாரோடு மட்டும் இருந்துகொள்வதாக ஒப்புக்கொண்டால் விடுதலை என்று பேச்சு வந்தபோதும் அவர் அதற்கு இணங்கவில்லை.

இங்கே இரண்டு குணங்கள் சேர்ந்து நிற்கின்றன. தம்மை அடித்தவரைத் திருப்பி அடிக்கவில்லை. தம் கொள்கையிலிருந்து ஓர் அடியும் பின்வாங்கவில்லை. பிள்ளைக்கு இவை இரண்டும் ஒன்றாக வாய்க்காது. பிள்ளை அடித்தால் அடிக்கும், அல்லது மிரட்டினால் அடங்கிவிடும். அடிக்காமலும் அடங்காமலும் நிற்பது வளர்ந்தவரால் மட்டுமே ஆகும். பொறுமை என்பது வாய்மூடிச் சகிப்பது என்று எண்ணுவோர் சிங்காரத்தோப்பை நினைவில் கொள்ள வேண்டும். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, அதன் விளைவைத் தம் உடலில் ஏற்றுக்கொண்டு, பகை பாராட்டாமல் இருப்பதே அய்யா காட்டிய பொறுமை.

வீட்டுக்குள் வரும் சோதனை

இவ்வளவும் கேட்டபின், பெருமையோடு பாகையைக் கட்டிக்கொண்டு தாங்கலிலிருந்து வீட்டுக்குத் திரும்புவது எளிது. சோதனை வீட்டு வாசலில் தொடங்குகிறது. பல வீடுகளில் நடப்பதை ஒரு வீடாக வைத்துப் பார்க்கலாம்.

ஒரு தந்தை. ஞாயிறுதோறும் தாங்கலில் பணிவிடைக்கு முதலில் வந்து நிற்பவர். உகப்படிப்பில் அவர் குரல் தனியே கேட்கும். அவருக்கு 24 வயதில் ஒரு மகள். நாகர்கோவிலில் வேலைக்குப் போகிறாள். வீட்டுச் செலவில் பாதி அவள் சம்பளம். அவர் தம் அக்காள் மகனுக்கு அவளைப் பேசி முடித்துவிட்டார். வெற்றிலை பாக்கு மாற்றவும் நாள் குறித்தாயிற்று. அப்புறம்தான் மகளுக்குச் செய்தி வந்தது.

"அப்பா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா?" என்றாள்.

"மக்களே, நீ சின்னப் பிள்ளை. ஒனக்கு என்ன தெரியும்?" என்றார் அவர். அன்பாகத்தான் சொன்னார்.

அடுத்த ஞாயிறு தாங்கலுக்குப் போனார். பாகை கட்டிக் கண்ணாடியின் முன் நின்றபோது, தம் தாத்தாவுக்கும் அவருடைய தகப்பனாருக்கும் நேர்ந்ததாகச் சிறுவயதில் கேட்ட கதைகள் அவர் நெஞ்சில் வந்தன. வரி கட்டும் வயது வந்தும் பாகை கட்டும் வயது வராத தலைகள். அதே நேரத்தில், வீட்டுச் செலவில் பாதியைச் சுமக்கும் மகள் தன் வாழ்க்கையைப் பற்றிப் பேசும்போது மட்டும் சின்னப் பிள்ளை ஆகிவிடுகிறாள் என்பதும் வந்தது. சுமக்க ஆள், மதிக்க ஆள் இல்லை. அன்று அரசு செய்ததை இன்று தாம் செய்கிறோமே என்று அவருக்குப் பட்டது. முகத்தை ஏறெடுத்துப் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து கேட்டார். அவள் வேண்டாம் என்றாள். மாமாமகன் நல்லவன்தான், ஆனால் அவனைத் தன்னால் கணவனாக நினைக்க முடியவில்லை என்றாள்.

கேட்பது எளிது, பதிலைத் தாங்குவதே கடினம். கொடுத்த வாக்கு என்னாவது? அக்காள் என்ன சொல்வாள்? சொந்தபந்தம் என்ன பேசும்? இந்த இடத்தில் பலர், "நீயே போய் உன் அத்தையிடம் சொல்லிக்கொள்" என்று மகளின் தலையில் பாரத்தை இறக்கிவிடுவார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. தனியாக அக்காள் வீட்டுக்கு நடந்தார். "அக்கா, பிழை என்னுடையது. பிள்ளையைக் கேட்காமல் வாக்குக் கொடுத்துவிட்டேன். அவளை ஒன்றும் சொல்லாதே, என்னைச் சொல்" என்றார். அக்காள் சொன்னாள். நிறையவே சொன்னாள். பொங்கலுக்கும் வரவில்லை. அந்தக் கசப்பு தீர எத்தனை நாளாகும் என்று அவருக்குத் தெரியாது.

ஆனால் அந்த நாளில் அந்த வீட்டில் இரண்டு பேர் ஆளானார்கள். மகள் ஆளானது தெளிவாகத் தெரிகிறது. தந்தையும் அன்றுதான் ஆளானார். தம் தவறின் விலையைத் தாமே கொடுத்தார். பிறர் முதுகில் ஏற்றவில்லை.

ஆளாவதன் இரு பக்கம்

இதுவரை கண்டதைத் தொகுத்தால் ஓர் உண்மை விளங்கும். ஆளாவது என்பதற்கு இரண்டு பக்கம் உண்டு. ஒன்று, யார் முன்னும் தலை குனியாமல் நிற்பது. மற்றொன்று, யார் தலையையும் தன் முன் குனிய வைக்காமல் இருப்பது. முதலாவதை மட்டும் பற்றிக்கொண்டவர் பழைய அதிகாரியின் இடத்தில் புதிய அதிகாரியாக அமர்ந்துவிடுவார். பாகை மட்டும் தலை மாறியிருக்கும், வேறெதுவும் மாறியிருக்காது. கீழே கிடப்பவரைக் கைகொடுத்துத் தூக்குவதே தர்மம் என்று அய்யா கற்பித்தது, பாகை கட்டிய தலைக்கு வேலை என்ன என்பதைச் சொல்வதற்காகவே.

ஆகவே ஒருவர் ஆளானாரா என்று அறிய அவருடைய வயதையோ சொத்தையோ பார்க்க வேண்டியதில்லை. அவரைவிட எளியவர் அவர் அருகில் எப்படி நிற்கிறார் என்று பார்த்தால் போதும். தேங்காய் பறிக்க வரும் அறுபது வயதுக்காரரை அந்த வீட்டுப் பேரன் பெயர் சொல்லி அழைக்கிறானா, தாத்தா என்று அழைக்கிறானா? அன்னதர்மத்தில் இரண்டாம் முறை கையேந்தி வரும் கிழவியிடம் பரிமாறும் இளைஞன் முகம் சுளிக்கிறானா, அகப்பையை நிறைக்கிறானா? மருமகள் பேசத் தொடங்கும்போது கூடத்தில் பேச்சு நிற்கிறதா, தொடர்கிறதா? அந்த வீட்டில் எத்தனை பேர் ஆளாகியிருக்கிறார்கள் என்பதற்கு இவையே அளவுகோல்.

பிள்ளைகளை ஆளாக்கும் முறையும் இதிலேயே அடங்கும். உபதேசத்தால் மட்டும் எவரும் ஆளாவதில்லை. பொறுப்பைக் கொடுத்தால் ஆளாவார்கள். தாங்கலில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றும் வேலையைப் பத்து வயதுப் பிள்ளையிடம் கொடுக்கலாம். சிந்தினால் திட்டாமல், துடைக்கும் துணியையும் அதன் கையிலேயே கொடுக்கலாம். திருவிழாக் கணக்கை இருபது வயதுப் பையனும் பெண்ணும் சேர்ந்து எழுதட்டும். ஊர்க்கூட்டத்தில் அவர்களே வாசிக்கட்டும். கணக்கில் பத்து ரூபாய் குறைந்தால் பெரியவர்கள் ஓடிச்சென்று ஈடுகட்டாமல், குறைந்ததை அவர்களே எழுந்து சொல்லட்டும். தவறைச் சொல்லிவிட்டுத் தலைநிமிர்ந்து உட்காரக் கற்ற பிள்ளை, பிறகு எந்தச் சபையிலும் கூனிக் குறுகாது.

சிந்தனைக்கு

இப்பாடத்தைக் கேட்டவர் ஒவ்வொருவரும் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டியவை சில.

கடைசியாக விழுந்தபோது அடிப்பதற்கு எந்தத் தரையைத் தேடினேன்?

எவருடைய உழைப்பை முழு ஆளாக ஏற்றுக்கொண்டு, எவருடைய சொல்லைச் சின்னப் பிள்ளையின் சொல்லாகத் தள்ளினேன்?

யாரும் பார்க்காத இடத்தில் எனக்கு நானே விதித்துக்கொண்ட ஒழுங்கு ஒன்றாவது உண்டா?

என் தவறின் விலையை இப்போது யார் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்?

இந்தக் கேள்விகளுக்கு ஒரே நாளில் விடை கிடைக்காது. அய்யாவே குழியில் தொடங்கித்தான் மேடைக்கு வந்தார். ஆனால் அடுத்த முறை பள்ளியறைக்குச் செல்லும்போது, பாகையைக் கட்டும் அந்த ஒரு கணம் நின்று, இந்தத் துணி தலைக்கு வர எத்தனை தலைமுறை காத்திருந்தது என்று எண்ணிப் பார்க்கலாம். பெண்கள், மூன்றாம் தவசு தங்களுக்காகவும் இருந்த தவசு என்பதை எண்ணலாம். பிறகு கண்ணாடியை நேராகப் பார்க்கலாம். அங்கே தெரியும் முகம் முடி சூடிய முகமாக இருக்கட்டும்; அது வீடு திரும்பியதும் இன்னொருவர் தலையிலிருந்து பறித்த முடியாக இல்லாதிருக்கட்டும்.

அய்யா உண்டு.